எக்ஸ்-மென் 13 படங்கள்: மேலயும் கீழயும் முடிஞ்சுது, நடுவுல எட்டுப் படம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது

மூலைசீட்டு

2000-ல வந்த முதல் படத்துலேர்ந்து 2020-ல வந்த 'நியூ மியூட்டன்ட்ஸ்' வரைக்கும், ஃபாக்ஸ் ஸ்டுடியோ எடுத்த 13 எக்ஸ்-மென் படத்தையும் (பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ள 'மியூட்டன்ட்' மனுஷங்களோட கதை) வரிசைப்படுத்திட்டு இருக்கேன். 2024-ல வந்த 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' இந்தக் கணக்குல இல்ல. அது டிஸ்னி ஃபாக்ஸை வாங்கின பிறகு மார்வெல் ஸ்டுடியோஸ் எடுத்தது.

மேல மூணு இடம் முடிவாயிடுச்சு: லோகன், எக்ஸ்2, டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட். கீழ ரெண்டு: நியூ மியூட்டன்ட்ஸ், கடைசியா ஆரிஜின்ஸ். மிச்சம் எட்டு: ஃபர்ஸ்ட் கிளாஸ், முதல் எக்ஸ்-மென், தி வோல்வரின், ரெண்டு டெட்பூல், லாஸ்ட் ஸ்டாண்ட், அபோகலிப்ஸ், டார்க் ஃபீனிக்ஸ். இந்த எட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வரிசையில வந்து உக்காருது. பத்துக்கு மார்க் போட்டா பாதிப் படத்துக்கு 7 விழுது, அப்புறம் அங்கேயே நின்னுடுது.

நாலு விஷயம் தெளிவானா போதும்:

டெட்பூலை மத்த படங்களோட ஒரே பட்டியல்ல வைக்கலாமா? ரெண்டு வெர்ஷன் இருக்கிற படங்களுக்கு எதை வச்சு மதிப்பிடுறது? டைம்லைன் ஓட்டைக்கு மார்க் குறைக்கணுமா? லாஸ்ட் ஸ்டாண்ட், அபோகலிப்ஸ் ரெண்டுல எது மேல?

எல்லாப் படத்தோட கதையும் கீழ உடையும். பாக்காதவங்க இங்கேயே திரும்பிடுங்க.

செரிப்ரோ

பத்துக்கு மார்க் போடும் முறையில்தான் கோளாறு. மார்க் போடும்போது மனசு ஒவ்வொரு படத்தையும் தனியாக எடைபோடுகிறது. திங்கட்கிழமை கொடுத்த 7-ம் வெள்ளிக்கிழமை கொடுத்த 7-ம் ஒன்றல்ல. வரிசை வேண்டுமென்றால் மார்க்கை விட்டுவிட்டு, இரண்டிரண்டு படமாக எதிரெதிரே நிறுத்துங்கள்.

13 படத்துக்கும் எல்லா ஜோடியையும் பார்த்தால் 78 ஒப்பீடு வரும். அவ்வளவு தேவையில்லை. இரண்டு படத்தை எடுத்து மேல், கீழ் என்று வையுங்கள். மூன்றாவது படத்தைக் கொண்டுவந்து சரியான இடத்தில் செருகுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படத்தையும் முதலில் பட்டியலின் நடுவில் இருக்கும் படத்தோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் மேல்பாதிக்குப் போகும், தோற்றால் கீழ்பாதிக்கு. அந்தப் பாதியின் நடுப்படத்தோடு மறுபடி ஒரு மோதல். இப்படிச் செய்தால் 13 படத்துக்கும் அதிகபட்சம் 37 ஒப்பீடு. உங்களுக்கு எட்டுப் படம்தான் தகராறு என்பதால் 17-க்குள் முடிந்துவிடும்.

இதில் வழக்கமாக ஒரு இடத்தில் சறுக்கும். தி வோல்வரின் முதல் எக்ஸ்-மென்னை ஜெயிக்கும், எக்ஸ்-மென் ஃபர்ஸ்ட் கிளாஸை ஜெயிக்கும், ஃபர்ஸ்ட் கிளாஸ் தி வோல்வரினை ஜெயிக்கும் என்று வட்டமடிக்க ஆரம்பித்தால், நீங்கள் நடுவில் அளவுகோலை மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு மோதலில் சண்டைக்காட்சியைப் பார்த்திருப்பீர்கள், அடுத்ததில் நடிப்பை, மூன்றாவதில் "தொடருக்கு இது எவ்வளவு முக்கியம்" என்பதை. ஆரம்பிக்கும் முன்பே ஒரே ஒரு கேள்வியை எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "இன்று இரவு எதை முழுசாக உட்கார்ந்து பார்ப்பேன்" என்பதும் நல்ல கேள்விதான், "எது சிறப்பாக எடுக்கப்பட்டது" என்பதும் நல்ல கேள்விதான். இரண்டுக்கும் ஒரே பட்டியல் வராது.

வெர்ஷன் விஷயத்துக்கு விதி எளிது: தியேட்டரில் வந்ததை வைத்தே வரிசை. மற்றவை அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வேண்டியவை நாலு. தி வோல்வரின் 126 நிமிடம், நீட்டிக்கப்பட்டது 138. டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் 132, ரோக் கட் (ரோக் என்ற பாத்திரத்தின் காட்சிகளைச் சேர்த்த பதிப்பு) 149. டெட்பூல் 2 119, பெரிய கட் 134. லோகனுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பதிப்பு இருக்கிறது. காட்சிகள் அதேதான், தரவரிசையை அது தொடாது.

இந்த நாலில் வரிசையை நகர்த்தக்கூடியது தி வோல்வரின் மட்டும். கூடுதல் 12 நிமிடத்தில் நிஞ்சாக்களோடு ஒரு பெரிய சண்டை வருகிறது, வோல்வரினின் தோழி யூகியோ பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறாள். தியேட்டர் பதிப்பில் லோகன் (வோல்வரின்தான்) கிராமத்துக்குள் வந்ததும் கயிறு கட்டிய அம்புகள் முதுகில் பாய்ந்து சட்டென விழுந்துவிடுவது போலிருக்கும். நீண்ட பதிப்பில் அதற்கு முன்னால் ஒரு உண்மையான போராட்டம் இருக்கிறது, அதனால் அந்த வீழ்ச்சிக்கு எடை கூடுகிறது.

ரோக் கட் அப்படியில்லை. ரோக்கை மீட்கும் பகுதி தனியாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அசல் படத்தில், லோகனின் மனதைக் கடந்த காலத்துக்கு அனுப்பிய கிட்டி, காயம்பட்டும் கை நடுங்க அவன் தலையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் எப்போது விடுவாள் என்ற பயம்தான் எதிர்காலப் பகுதி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ரோக் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டதும் பயம் இறங்கிவிடுகிறது. 17 நிமிடம் கூடியது, அழுத்தம் குறைந்தது.

கடைசிரீல்

செரிப்ரோ சொன்ன முறை சரி. ஆனா "என்ன கேள்வி" என்பதை அவர் உங்ககிட்டயே விட்டுட்டார். இந்தத் தொடருக்கு ஒரே கேள்விதான் பொருந்தும்: கடைசி அரை மணி நேரத்துல படம் என்ன செய்யுது?

ஏன்னா இந்த 13 படத்துல பெரும்பாலானதுக்கு முதல் ஒரு மணி நேரம் நல்லாவே இருக்கும். ஆரிஜின்ஸ்லகூட டைட்டில் ஓடும்போது உள்நாட்டுப் போர், ரெண்டு உலகப்போர், வியட்நாம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒவ்வொரு போரா ஓடி வர்றது பிரமாதம். அதே படம் கூலிங் டவர் உச்சியில, வாய் தைச்ச டெட்பூலோட முடியுது. ஆரம்பத்தை வச்சு மதிப்பிட்டா எல்லாமே தேறிடும். முடிவை வச்சு மதிப்பிட்டா தானா பிரிஞ்சுடும்.

இன்னொரு லாபமும் இருக்கு. நடுவுல இருக்கிற எட்டுப் படத்தையும் முழுசாப் பார்த்தா 951 நிமிஷம், கிட்டத்தட்ட 16 மணி நேரம். கடைசி 30 நிமிஷம் மட்டும்னா 4 மணி நேரம். பெயர்ப்பட்டியல் ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து பின்னால எண்ணுங்க. ஃபைல் முடியிற இடத்துலேர்ந்து எண்ணினா அரை மணி நேரத்துல ஒரு பகுதி வெறும் பேர்களாவே போயிடும்.

பார்க்கும்போது ஒண்ணை மட்டும் கவனிங்க. க்ளைமாக்ஸ்ல யாராவது ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கிறாங்களா, இல்ல வெறும் சண்டை மட்டும் நடக்குதா?

எக்ஸ்2-ல ஆல்கலி லேக் அணை உடையுது. தண்ணி வருது, ஜெட் கிளம்ப மாட்டேங்குது. மனசாலயே தண்ணியைத் தடுக்க ஜீன் கீழ இறங்கி நிக்கிறா. அது அவ எடுத்த முடிவு, உள்ள இருக்கிற யாராலயும் தடுக்க முடியல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி உலோகத்தை ஆட்டிவைக்கிற மேக்னீட்டோ, செரிப்ரோங்கிற இயந்திரத்தோட (மியூட்டன்ட்டுகளைக் கண்டுபிடிக்கிறது) தகடுகளைத் திருப்பி வச்சு, மியூட்டன்ட்டைக் கொல்ல இருந்த இயந்திரத்தை மனுஷங்க பக்கம் திருப்புறான். அதுவும் ஒரு முடிவு. அரை மணி நேரத்துல ரெண்டு. அதனாலதான் 2003-ல வந்த படம் இன்னிக்கும் ரெண்டாவது இடத்துல நிக்குது.

ஃபர்ஸ்ட் கிளாஸ் இதையே இன்னும் சின்னதாக் காட்டுது. எரிக் (மேக்னீட்டோதான்) ஒரு நாணயத்தை வில்லன் ஷாவோட நெத்திக்கு நேரா நகர்த்துறான். வேகமா எறியல, மெதுவாத் தள்ளுறான். கேமராவும் நாணயத்தோட சேர்ந்து பக்கவாட்டுல நகருது. ஷாவை மனசால பிடிச்சு வச்சிருக்கிறது வெளியில இருக்கிற சார்லஸ் (எக்ஸ்-மென் தலைவர் சேவியர்). விட்டா ஷா தப்பிச்சுடுவான், பிடிச்சிருந்தா அந்த நாணயம் தன் மண்டைக்குள்ள போற மாதிரி வலிக்கும். ஷாவால கத்த முடியல, சார்லஸ் கத்துறார். ஒரு சின்ன உலோகத் துண்டை வச்சு, ரெண்டு நண்பர்கள் ஏன் பிரியப்போறாங்கன்னு வசனமே இல்லாம சொல்லிடுறாங்க. கொஞ்ச நேரத்துல கடற்கரையில சிஐஏ ஏஜென்ட் மொய்ரா சுடுற குண்டை எரிக் தட்டிவிட, அது சார்லஸோட முதுகுல பாயுது. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி முழுக்க அதுக்குப் பின்னால நடந்துட்டு இருக்கு, நம்ம கண்ணு மணல்ல கிடக்கிற அந்த ஆள் மேலதான் இருக்கு. இது நாலாவது இடத்துக்குக் கீழ போகக்கூடாது.

டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்ல 2023-ல எல்லாரும் செத்துட்டு இருக்கிறதையும், 1973-ல வெள்ளை மாளிகையைச் சுத்தி ஒரு ஸ்டேடியமே இறங்கியிருக்கிறதையும் மாத்தி மாத்தி வெட்டுறாங்க. அவ்வளவு இரைச்சலுக்கும் முடிவு எது? உருவம் மாறுற மிஸ்டிக் (ரேவன்) துப்பாக்கியை இறக்குறா. அடிக்கிறது இல்ல, அடிக்காம விடுறதுதான் க்ளைமாக்ஸ்.

இப்ப அபோகலிப்ஸ். கெய்ரோவுல மேக்னீட்டோ உலோகக் குப்பைக்கு நடுவுல அந்தரத்துல மிதந்துட்டே இருக்கான். நடிகரை வச்சு செய்யிறதுக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே இல்ல. வில்லனோட அடியாள் சைலாக் கடைசியில சும்மா நடந்து போயிடுறா. வில்லன் சுவரும் மணலும் பறக்கவிட்டுட்டு நிக்கிறான். ஜீன் சக்தியை முழுசா அவிழ்த்துவிடுறது மட்டும்தான் முடிவுன்னு சொல்லலாம், அதுக்கும் சார்லஸ் அனுமதி கொடுக்கணும். 144 நிமிஷம், 13 படத்துல நீளமானது இதுதான்.

இந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்குறவங்க எல்லாரும் மின்னல் வேகத்துல ஓடுற குவிக்சில்வர் காட்சியைச் சொல்வாங்க. அதையும் முந்தின படத்துப் பென்டகன் சமையலறைக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. சமையலறையில பையன் சூப்பைத் தொட்டு ருசி பார்க்கிறான், குண்டுகளை விரலால லேசாத் தள்ளி வழி மாத்துறான், காவலரோட கையை அவரோட முகத்துக்கே திருப்பி வைக்கிறான். ஒரே அறை, அஞ்சாறு ஆள், ஒவ்வொண்ணும் ஒரு நகைச்சுவை. அபோகலிப்ஸ்ல மாளிகை முழுக்க வெடிக்குது, ஒரு பள்ளிக்கூடத்தையே தூக்கி வெளியில போடுறான். அளவு பெருசாச்சு, குறும்பு அதேதான். அதைவிட மோசம், அதே வெடிப்புல ஹாவோக் செத்துட்டான். தம்பி ஸ்காட் (சைக்ளாப்ஸ்) அழுது முடிக்கிறதுக்குள்ள படம் அடுத்த இடத்துக்குக் கிளம்பிடுது.

தி வோல்வரின் எனக்கு வயிறெரியிற கேஸ். புல்லட் ரயில் கூரைச் சண்டை, நெஞ்சைத் தானே கிழிச்சு உள்ள இருக்கிற கருவியைப் பிடுங்குறது, எல்லாம் முதல் தரம். கடைசியில ஒரு பெரிய இரும்பு ரோபோ வந்து நிக்குது. அதுவரைக்கும் சாவைப் பத்தின படமா இருந்தது, சட்டுனு வீடியோ கேமோட கடைசிக் கட்டமாயிடுது. அதே ஜேம்ஸ் மேன்கோல்ட்தான் நாலு வருஷம் கழிச்சு லோகன் எடுத்தார். அங்கேயும் லோகனோட க்ளோனான எக்ஸ்-24 ஒரு பலவீனம்தான், வசனமில்லாத வில்லன். ஆனா லோகன் தெம்பு கொடுக்கிற மருந்தைப் போட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடுறது முடிவு. அவன் மகள் லாரா கல்லறைச் சிலுவையைச் சாய்ச்சு எக்ஸ் ஆக்குறது முடிவு. அதனால அந்த பலவீனம் கண்ணுல தங்கல.

என் வரிசை: லோகன், எக்ஸ்2, டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ், டெட்பூல், எக்ஸ்-மென், தி வோல்வரின், டெட்பூல் 2, டார்க் ஃபீனிக்ஸ், லாஸ்ட் ஸ்டாண்ட், அபோகலிப்ஸ், நியூ மியூட்டன்ட்ஸ், ஆரிஜின்ஸ்.

பழைய_டிவிடி

கடைசிரீல் சார், முடிவை மட்டும் பாக்குற உங்க விதிப்படி முதல் படம் ஆறாவது இடத்துல எப்படி வந்துச்சு? சுதந்திர தேவி சிலை க்ளைமாக்ஸ் என்ன பெரிய முடிவு? டீப்பந்தத்துக்குள்ள ஒரு மெஷின் சுத்துது, அதை உடைக்கணும், உடைச்சாச்சு. வில்லனோட ஆள் டோட் மேல இடி இறங்கும்போது ஸ்டார்ம் பேசுற வசனத்தை இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க. அப்ப உங்க விதியை நீங்களே காப்பாத்தல. நீங்க முதல் படத்தை மேல வச்சது வேற காரணத்துக்கு, அதைச் சொல்லிடுங்க.

அந்தக் காரணம் இதுதான். சுமார் 75 மில்லியன் டாலர்ல, 104 நிமிஷத்துல, கிட்டத்தட்ட பத்துப் பேரை அறிமுகப்படுத்தி, யாருக்கு என்ன சக்தி, யார் எந்தப் பக்கம், எதுக்குச் சண்டைன்னு எல்லாத்தையும் புரிய வச்சாங்க. 1944 போலந்து வதைமுகாம், இரும்புக் கதவு வளையுது. ரெண்டு நிமிஷத்துல மேக்னீட்டோ ஏன் மனுஷங்களை நம்ப மாட்டான்னு முடிஞ்சுது. ரயில் நிலையத்துக்கு வெளியில போலீஸ்காரங்க துப்பாக்கி எல்லாம் அவங்களையே குறி பாக்குற காட்சிக்கு என்ன கிராபிக்ஸ் செலவாகியிருக்கும்? கொஞ்சம் கம்பி. ஆனா 178 மில்லியன் செலவழிச்ச அபோகலிப்ஸ்ல அந்தப் பயம் ஒரு இடத்துலயும் வரல.

அதனால என் கேள்வி வேற: இந்தப் படத்துல இருக்கிற சக்தியை உருப்படியாப் பயன்படுத்தினாங்களா? எக்ஸ்2-ல சிறைக் காவலர் ரத்தத்துல இரும்பு ஏத்தி அனுப்புறாங்க, மேக்னீட்டோ அதை உறிஞ்சி எடுத்து மூணு உருண்டையாக்கி பிளாஸ்டிக் ஜெயிலை உடைக்கிறான். சக்தின்னா இப்படி யோசிக்கணும்.

லாஸ்ட் ஸ்டாண்டுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் போட்டு மிதிக்கிற படம், பாதி நியாயம். சைக்ளாப்ஸ் கேமராவுக்குப் பின்னாலேயே செத்துடுறான். ரெண்டு பெரிய கதையை, மியூட்டன்ட்டைக் குணப்படுத்துற மருந்தும், ஜீன் கட்டுமீறிப் போற டார்க் ஃபீனிக்ஸ் கதையும், 104 நிமிஷத்துல திணிச்சுட்டாங்க. ஒண்ணு ஒண்ணோட மூச்சை அடைக்குது. கோல்டன் கேட் பாலம் கிளம்பும்போது வெளிச்சம் இருக்கு, அல்கட்ராஸ்ல இறங்கினதும் ராத்திரி. டைரக்டர் மாறின குழப்பமும் உள்ள இருக்கு: பிரையன் சிங்கர் சூப்பர்மேன் எடுக்கப் போனார், மேத்யூ வான் வந்து விலகினார், கடைசியில பிரெட் ராட்னர்.

ஆனா அந்த மருந்துங்கிற விஷயம் இந்தத் தொடர்லேயே நல்ல யோசனைகள்ல ஒண்ணு. தொட்டா ஆள் சாகுற ரோக் அதை வாங்கிக்கிறது தப்பா? மிஸ்டிக் சக்தியை இழந்து தரையில கிடக்கும்போது, "நீ இப்ப நம்மாள் இல்ல"ன்னு மேக்னீட்டோ விட்டுட்டுப் போறான். முடிவுன்னா இதைவிட என்ன வேணும்? ஜான் பவல் இசை வேற, ஃபீனிக்ஸ் தீம் இந்தத் தொடரோட நல்ல இசைத்துண்டுகள்ல ஒண்ணு. அபோகலிப்ஸுக்கு மேல, டார்க் ஃபீனிக்ஸுக்கும் மேல.

இன்னொண்ணு பாருங்க. லாஸ்ட் ஸ்டாண்டுக்குத் திரைக்கதை எழுதினவங்கள்ல சைமன் கின்பெர்க் ஒருத்தர். 2019-ல டார்க் ஃபீனிக்ஸை எழுதி இயக்கினதும் அவரே. 13 வருஷம் கழிச்சு அதே கதைக்கு ரெண்டாவது வாய்ப்பு. ரெண்டு படத்துலயும் திருப்பம் ஒரே மாதிரி இடத்துலதான் நடக்குது: ஜீனோட குடும்ப வீடு, வாசல்ல ரெண்டு கோஷ்டி, உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல ஒரு முக்கியமான ஆள் சாவு. முதல்ல சேவியர், ரெண்டாவதுல ரேவன். முதல்ல வீடே மேல கிளம்புது, சேவியர் துகள் துகளாப் போகுறதுக்கு முன்னாடி லோகனைப் பாத்து ஒரு சின்ன சிரிப்பு சிரிக்கிறார். அது இன்னும் மனசுல நிக்குது. ரேவன் சாவு அப்படி நிக்கல, படம் வர்றதுக்கு முன்னாடியே டிரெய்லர்ல வேற காட்டிட்டாங்க.

கடைசிரீல்

முதல் படத்தைப் பத்தி நீங்க சொன்னது சரிதான், அது க்ளைமாக்ஸ்னால ஆறாவது இடத்துக்கு வரல. பிளாஸ்டிக் சிறையில சதுரங்கப் பலகைக்கு ரெண்டு பக்கமும் சேவியரும் மேக்னீட்டோவும் உக்காந்து பேசுற கடைசிக் காட்சிதான் தூக்கி விட்டுச்சு. என் கணக்குல அதுவும் கடைசி 30 நிமிஷம்தான்.

டார்க் ஃபீனிக்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசிப் பகுதியை மறுபடி ஷூட் பண்ணி வச்ச ரயில் சண்டையைப் பாருங்க. இடம் குறுகலு, தப்பிக்க வழி இல்ல, ஒவ்வொருத்தர் சக்தியும் ஒரு பெட்டிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு மோதுது. நைட்கிராலர் கோவத்துல மாறுறது, மேக்னீட்டோ மொத்தப் பெட்டியையும் ஆயுதமாக்குறது. ஹான்ஸ் ஸிம்மர் இசை அடியில அரைச்சுட்டே இருக்கும். வீட்டு வாசல் காட்சி லாஸ்ட் ஸ்டாண்டுலதான் நல்லா இருக்கு, அதுல மறுபேச்சு இல்ல. அதுக்கப்புறம் அல்கட்ராஸ்ல எரியிற காரைத் தூக்கி எறிஞ்சுட்டே இருக்காங்க.

மூலைசீட்டு

அப்ப லாஸ்ட் ஸ்டாண்ட் 9, டார்க் ஃபீனிக்ஸ் 10-ஆ, இல்ல தலைகீழான்னு ஒரு மோதல்தான் பாக்கி. அபோகலிப்ஸ் ரெண்டுக்கும் கீழங்கிறதுல ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க, நல்லது. டைம்லைனுக்கும் டெட்பூலுக்கும் யாரும் பதில் சொல்லல. வசூலைப் பாத்தா அபோகலிப்ஸ் டார்க் ஃபீனிக்ஸுக்கு ரெண்டு மடங்கு, அதைக் கணக்குல எடுக்கணுமா?

அடமான்டியம்

வசூலை எடுக்காதீங்க. அபோகலிப்ஸ் சுமார் 543 மில்லியன், டார்க் ஃபீனிக்ஸ் சுமார் 252 மில்லியன். அபோகலிப்ஸ் டிக்கெட்டைப் பாதி வித்துக் கொடுத்தது டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட். டார்க் ஃபீனிக்ஸ் டிக்கெட்டைக் கெடுத்தது அபோகலிப்ஸ். ஒரு தொடர்ல வசூல் எப்பவும் முந்தின படத்துக்கு விழுற ஓட்டு.

டைம்லைன் ஓட்டை ஏகப்பட்டது. எல்லாத்துக்கும் மார்க் குறைச்சா பட்டியலே மிஞ்சாது. ஒரு விதி வச்சுக்கலாம்: அந்த ஓட்டை, அந்தப் படமோ முந்தின படமோ நமக்குக் கொடுத்த உணர்ச்சியை அழிக்குதா? அழிச்சா குறைங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

முதல்ல எது ஓட்டை, எது ஓட்டையில்லைன்னு பிரிக்கணும். டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்ல 1973-ல வரலாறு மாறுது. அதனால 1973-க்கு அப்புறம் பழைய படங்கள்ல நடந்த எதுவும் புதுப் படங்களோட ஒத்துப்போகலைன்னா தப்பில்ல. அதுக்கு முன்னாடி நடந்தது மாறக்கூடாது, அங்கதான் பிடிக்கணும்.

சார்லஸ் நடக்குறது: ஃபர்ஸ்ட் கிளாஸ்ல 1962-லயே கால் போச்சு. ஆனா லாஸ்ட் ஸ்டாண்டோட முதல் காட்சியில, 20 வருஷம் முன்னாடின்னு போட்டு, ஜீன் வீட்டுக்கு நடந்தே வர்றார். ஆரிஜின்ஸ் கடைசியிலயும் நிக்கிறார். டேஸ்ல வர்ற ஊசி மருந்துன்னு சமாளிக்க முடியாது, அந்த மருந்து போட்டா மனசைப் படிக்கிற சக்தி போயிடும். ஜீன் வீட்டுல அந்தச் சக்தியோடதான் பேசுறார். சுத்தமான ஓட்டை. ஆனா 2006-ல எடுத்த படம் 2011-ல வரப்போற படத்தைப் பாத்துட்டு எடுக்க முடியாது. ஃபர்ஸ்ட் கிளாஸோட கடற்கரைக் காட்சியையும் இது கெடுக்கல. மார்க் குறைக்க வேண்டாம்.

லோகன் நகம்: தி வோல்வரின் முடிவுல உலோக நகம் வெட்டுப்படுது, எலும்பு நகம்தான் மிச்சம். அடுத்த படத்துல, 2023-ல, உலோகம் திரும்ப இருக்கு. விளக்கமே இல்ல. எரிச்சல்தான், உணர்ச்சி போகல. விட்டுடுங்க.

வயசு: 1962-ல இருந்த ஆட்கள் 1992-ல டார்க் ஃபீனிக்ஸ்ல அதே முகத்தோட வர்றாங்க. 30 வருஷம் யாருக்கும் ஒரு நரை இல்ல. ஒவ்வொரு படத்துக்கும் பத்து வருஷம் தாவணும்னு பிடிவாதம் பிடிச்சதோட விளைவு. டார்க் ஃபீனிக்ஸுக்கு இது கொஞ்சம் அடிதான், ஏன்னா சார்லஸ் பெருமைக்கு ஆசைப்படுற வயசான ஆளுன்னு கதை சொல்லுது, முகம் அதைச் சொல்லல.

உண்மையிலேயே குறைக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் கடைசியில தண்ணிக்குள்ளேர்ந்து லோகனை மீட்கிறது, பழைய கதையில அவனைச் சோதனைக்கு ஆளாக்கின ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் இல்ல, அவர் உருவத்துல இருக்கிற மிஸ்டிக். கண்ணு மஞ்சளா மின்னுது, "இந்தத் தடவை அவன் கதை வேற"ன்னு நம்பிக்கையோட வெளியில வர்றோம். அடுத்த படமான அபோகலிப்ஸ்ல, அதே டைரக்டர், லோகன் ஆல்கலி லேக்ல ஸ்ட்ரைக்கரோட கூண்டுலதான் இருக்கான். மிஸ்டிக் ஏன் காப்பாத்தினா, எப்ப விட்டா? ஒரு வரிகூட இல்ல. ஒரு சின்ன கெஸ்ட் ரோலுக்காக முந்தின படத்தோட முடிவையே அழிச்சிருக்காங்க. அபோகலிப்ஸ் கீழ போறதுக்கு கெய்ரோவைவிட எனக்கு இதுதான் காரணம்.

செரிப்ரோ

டெட்பூல் பற்றி. ஒரே பட்டியலில் வைக்கலாம், ஆனால் "எது சிறப்பாக எடுக்கப்பட்டது" என்ற கேள்விக்கு மட்டும். முதல் டெட்பூல் சுமார் 58 மில்லியனில் எடுத்த படம், பணப் பற்றாக்குறையே அதற்கு உதவியாக அமைந்தது. க்ளைமாக்ஸுக்குப் போகும்போது துப்பாக்கிப் பையை டாக்ஸியிலேயே மறந்து விட்டுவிடுகிறான். பெரிய துப்பாக்கிச் சண்டை எடுக்கப் பணமில்லை, அதையே ஜோக்காக மாற்றிவிட்டார்கள். பெரிய மாளிகையில் ஏன் எப்போதும் உங்கள் இரண்டு பேரை மட்டும் பார்க்கிறேன் என்று எக்ஸ்-மென் ஆட்களைக் கேட்பதும் அதே வகை. இரண்டாம் பாகத்தில் கையில் பணம் இருந்தது. எக்ஸ்-ஃபோர்ஸ் குழு பாராசூட்டில் குதித்ததும் ஒவ்வொருவராகச் சாவது அருமையான ஐந்து நிமிடம். ஆனால் காதலியின் மரணத்தை நிஜமான சோகமாக ஆரம்பித்து, பெயர்ப்பட்டியலின் நடுவில் காலத்தைத் திருப்பி ரத்து செய்துவிட்டார்கள். அடமான்டியம் சொன்ன விதி இதற்கும் பொருந்தும். முதல் பாகம் 5, இரண்டாவது 8 என்பது சரியான இடைவெளிதான்.

கடைசியாக ஒன்று. ஒன்பதாம் இடத்துக்கு இங்கே ஓட்டெடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் சராசரி எடுக்காதீர்கள். லாஸ்ட் ஸ்டாண்ட் மாதிரி படங்கள் ஆட்களை இரண்டாகப் பிரிக்கும். உதாரணத்துக்கு ஐந்து பேர் அதை 4, 5, 11, 12, 12 என்று வைத்தால் சராசரி 8.8. அபோகலிப்ஸை அதே ஐந்து பேர் 8, 9, 9, 9, 10 என்று வைத்தால் சராசரி 9. சராசரிப்படி லாஸ்ட் ஸ்டாண்ட் முன்னால் வந்துவிடும், ஐந்தில் மூன்று பேர் அதைக் கீழே தள்ளியிருந்தும். வரிசையாக அடுக்கி நடு எண்ணை எடுத்தால் 11-க்கு எதிராக 9. அதிலும் திருப்தி இல்லையென்றால் "இரண்டில் எது மேல்" என்று நேரடியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணினால் போதும்.

பழைய_டிவிடி

அப்ப நேரடியாவே எண்ணிடலாம். லாஸ்ட் ஸ்டாண்டா, டார்க் ஃபீனிக்ஸா? என் ஓட்டு லாஸ்ட் ஸ்டாண்ட்.

கடைசிரீல்

டார்க் ஃபீனிக்ஸ். ரயிலுக்காக.

அடமான்டியம்

லாஸ்ட் ஸ்டாண்ட். மிஸ்டிக்கைத் தரையில விட்டுட்டுப் போறானே, அதுக்கு.

மூலைசீட்டு

2-1. செரிப்ரோ போட்டா 2-2 ஆயிடும் போல இருக்கு, அதனால அவர் வர்றதுக்குள்ள பட்டியலைப் பூட்டிட்டேன். 9 லாஸ்ட் ஸ்டாண்ட், 10 டார்க் ஃபீனிக்ஸ், 11 அபோகலிப்ஸ். மத்தது கடைசிரீல் போட்ட வரிசைதான், தி வோல்வரின் பக்கத்துல மட்டும் "138 நிமிஷப் பதிப்பா இருந்தா ஒரு இடம் மேல"ன்னு அடைப்புக்குறிக்குள்ள.